நான் சேர்த்த சுருதி

சுருதி விஷயத்தில் எனக்கு இரக்கம் கிடையாது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். வாரநாளில் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கீபோர்டு. பாடற்குழுவில் இருபது பேர் சேர்ந்து பாடினாலும் எந்த வரிசையில் யார் இறங்கினார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். தனியாகக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்லும் பழக்கமும் கிடையாது, எல்லார் முன்னாலும்தான். இதனாலேயே இரண்டு பேர் குழுவை விட்டுப் போனார்கள். அந்த ஆண்டவருக்கே இவ்வளவு காது இருக்காதும்மா என்று பங்குச் சாமியார் ஒரு தடவை நொந்துகொண்டார். அதையும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

என் அண்ணன் எனக்கு நேர் எதிர். அவன் சாக்ஸபோன் வாசிப்பான். செம்பட்டி, சாணார்பட்டி என்று கல்யாண வீடுகளுக்கு மெல்லிசைக் குழுவோடு போவான். சினிமாப் பாட்டு நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் பாதை மாறி, தன் இஷ்டத்துக்கு ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து சேருவான். ஜாஸ் கேசட்டுகளைத் தேயத் தேயக் கேட்டதில் பிடித்த வியாதி அது. ஒரு சுரத்தை நேராகப் பிடிக்காமல் கீழேயிருந்து வழுக்கிக்கொண்டு வந்து தொடுவான். வாசலுக்கு வராமல் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் நுழைகிறவன் என்று நான் அவனைக் கேலி செய்வேன். அவன் சிரிப்பான். என்னோடு அவன் சண்டை போட்டதாக எனக்கு நினைவில்லை. சண்டையெல்லாம் நான் போட்டதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் அவனுக்குச் சென்னையில் ஒரு குழுவில் இடம் கிடைத்தது. அந்தக் குழுவை இந்தோனேசியாவில், பாலித் தீவில் ஒரு ஹோட்டல் கூப்பிட்டுக்கொண்டது. மாலையில் ஹோட்டலில் ஜாஸ் வாசிப்பது, பகலில் பக்கத்துக் கிராமத்தில் போய் உட்கார்ந்து கமெலான் கற்றுக்கொள்வது என்று அவன் வாழ்க்கை போனது. வெண்கலத் தகடுகளையும் சேகண்டிகளையும் வரிசையாக வைத்துக்கொண்டு இருபது முப்பது பேர் ஒன்றாக வாசிக்கும் இசை அது என்று எழுதியிருந்தான். ஒருவர் அடிக்கிற இடத்தில் இன்னொருவர் அடிக்க மாட்டாராம். ஒருவர் விட்ட இடத்தை எதிரே இருப்பவர் நிரப்புவாராம். அவனுக்கு எதிரே உட்கார்ந்தவர் அதே ஹோட்டல் குழுவின் பேஸ் கிடார்க்காரர், பெரம்பூர்க்காரர். அவர்கள் இரண்டு பேரும் அந்தத் தகடுகளின் ஓட்டத்தின் மேல் ஜாஸை ஏற்றிப் பார்த்தார்கள். கிராமத்துப் பெரியவர்கள் முதலில் முகம் சுளித்தார்களாம், பிறகு தாங்களே ஒரு சேகண்டியை எடுத்துக்கொண்டு வந்து கூடச் சேர்ந்துகொண்டார்களாம். அந்தக் கடிதங்களில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அந்த நாடு கலங்கி, ஹோட்டல்கள் காலியான வருடம் அண்ணன் இருமிக்கொண்டே ஊர் திரும்பினான். ஒரு மாதம் கழித்து நாகல் நகர் லாரி ஷெட்டிலிருந்து ஒரு பெரிய மரப்பெட்டி வந்தது. ஆணிகளைப் பிடுங்கித் திறந்தால் உள்ளே சிவப்பும் பொன்னும் பூசிய, ஒரே மாதிரியான இரண்டு வாத்தியங்கள். ஒவ்வொன்றிலும் பத்து வெண்கலத் தகடுகள் தோல் கயிற்றில் தொங்கின. ஒவ்வொரு தகட்டுக்கும் அடியில் ஒரு மூங்கில் குழாய். வலது கையில் சின்னச் சுத்தியலால் அடிக்க வேண்டும். அடுத்ததை அடிக்கும்போது முந்தைய தகட்டை இடது கையால் பிடித்து நிறுத்த வேண்டும். இதை யாரும் தாண்டக் கூடாது என்று அண்ணன் சொன்னான். அம்மா அதை உடனே ஏற்றுக்கொண்டாள். வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் சுற்றிப் போகச் சொன்னாள்.

மதுரையில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் முழுக்கத் தழும்பு விழுந்திருக்கிறது, இனிமேல் ஊதுகிற வேலை வேண்டாம் என்றார்.  அண்ணன் வீட்டுக்கு வந்து சாக்ஸபோனைத் துடைத்துப் பெட்டியில் வைத்து பீரோவின் மேல் ஏற்றினான். பிறகு அந்த இரண்டு வாத்தியங்களையும் எதிரெதிரே போட்டான். "எதிர்ல வந்து உக்காரு பாப்பா," என்றான். எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அவனுக்கு நான் எப்போதும் பாப்பாதான்.

நான் உட்கார்ந்தேன். அவன் தன் வாத்தியத்தில் ஒரு தகட்டை அடித்தான். நான் என்னுடையதில் அதே தகட்டை அடித்தேன். என் பல் கூசியது. இரண்டும் சேரவில்லை. சேராதது மட்டுமில்லை, ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு சத்தம் நடுநடுங்கியது. பத்துத் தகடுகளையும் அடித்துப் பார்த்தேன். பத்திலும் என்னுடையது கொஞ்சம் இறங்கியிருந்தது. எவனோ ஒருவன் இவன் தலையில் கழித்துப்போட்ட சாமானைக் கட்டிவிட்டான் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. சொன்னேன். "அது அப்படித்தான் இருக்கும் பாப்பா. ரெண்டும் சேரக் கூடாது," என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், வாங்கத் தெரியாதவன் அப்படித்தான் இருக்கும் என்கிறான் என்று நான் ஆரம்பித்தேன். அவன் விளக்கப் பார்த்தான். இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் இருமல் வந்துவிட்டது. நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். பேச்சு அதோடு நின்றுபோனது. அதற்கு மேல் அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏமாந்ததை மறைக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஆனாலும் சுருதியை மறந்துவிட்டு வாசித்தால் அந்த வாசிப்பு எனக்குப் பிடித்துப்போனது. இதையும் சொல்லத்தான் வேண்டும். அவன் விட்ட இடத்தில் நான் அடிக்க வேண்டும், நான் விட்ட இடத்தில் அவன். தனியாகக் கேட்டால் என் பங்கு நொண்டிக்கொண்டு போகும். இரண்டையும் சேர்த்து வேகமாக வாசித்தால் ஒரே ஆள் மூன்று கையால் வாசிப்பது போல ஓடும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு எதிரே போய் உட்கார்ந்துவிடுவேன். ஆயுளில் முதல் தடவையாக என் அண்ணனும் நானும் ஒரே பாட்டை வாசித்துக்கொண்டிருந்தோம்.

கோயில் திருவிழாக் கலைநிகழ்ச்சியில் இதை ஒரு உருப்படியாக வைக்க வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. இன்னும் எத்தனை நாள் என்று டாக்டர் சொன்ன கணக்கை அவனும் கேட்டிருந்தான். தன் இசையை ஊர்க்காரர்கள் ஒரே ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்பதுதான் அவனுக்கு மிச்சமிருந்த ஆசை என்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாடற்குழுவின் கிடார்க்காரரைக் கூப்பிட்டான். தான் சாக்ஸபோனில் வாசித்திருக்க வேண்டிய வரிகளை அவருக்கு முனகிக் காட்டினான். இரண்டு வரிக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டான். கிடார்க்காரர் அந்த வரிகளை நேராக வாசித்தபோது, வழுக்கிட்டு வாங்க என்று கேட்டுக்கொண்டான். தபேலாக்காரர் ரிதம் பேடில் தாளம் வைத்துக்கொண்டார். சுற்று முடிகிற இடத்தில் அடிப்பதற்குப் பெரிய சேகண்டி இல்லை. பந்திக்கு வைக்கும் பித்தளைத் தாம்பாளத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம்.

முதல் ஒத்திகையில் இரண்டு வாத்தியங்களும் சேர்ந்து ஒலித்ததுமே பாடற்குழு வரிசையில் ஒரு சலசலப்பு. தபேலாக்காரர்தான் வாயைத் திறந்தார். "டீச்சர், இதுக்குத்தானா எங்கள அம்புட்டுத் திட்டுத் திட்டுனீக?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இத்தனை வருடம் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தான், சிரித்ததில் இருமினான், இருமி முடிக்க வெகு நேரமானது. அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்ததை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவன் ஆசை ஆசையாகச் செய்ததைக் கேட்டுச் சிரித்ததைத் தாங்க முடியவில்லை. ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும் மைதானத்திலும் இந்தச் சிரிப்புதான் எழும் என்று எனக்குப் பட்டது.

அடுத்த வாரம் அண்ணனை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மா துணைக்குப் போனாள். வீட்டில் நான் மட்டும். எங்கள் அப்பா உயிரோடு இருந்தவரைக்கும் பூட்டு செய்தவர். திண்டுக்கல்லில் இது ஒரு அதிசயமில்லை. அவருடைய அரங்கள் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. முரட்டு அரம், நைஸ் அரம் எல்லாம் எனக்குத் தெரியும். சாவிக்குப் பல் ராவிக் கொடுத்து வளர்ந்தவள்தான் நானும். பெட்டியில் கிடந்த ஒரு பித்தளைப் பட்டையைத் தொங்கவிட்டு ராவிப் பார்த்தேன். ஓரத்தில் தேய்த்தால் சுருதி ஏறுகிறது, நடுவில் தேய்த்தால் இறங்குகிறது. இது போதும் என்று நினைத்தேன்.

தினமும் சாயங்காலம் ஒரு தகடு, சில நாள் இரண்டு. இறங்கியிருந்த என் வாத்தியத்தின் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மேலே தெரியாதபடி அடிப்பக்கமாகத் திருப்பி, இரண்டு ஓரங்களையும் ராவி, மாட்டி, அடித்து, அண்ணனுடையதோடு ஒப்பிட்டு, மறுபடி கழற்றி ராவினேன். வெண்கலம் பித்தளை மாதிரி இல்லை, முரண்டு பிடிக்கும். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. பக்கத்து வீட்டக்கா எட்டிப் பார்த்து, பட்டறையைத் திரும்ப ஆரம்பிச்சிட்டீகளா என்று கேட்டுவிட்டுப் போனார். தரையில் விழுந்த தூளை வழித்துக் கொட்டினேன். பத்தாவது தகடும் சேர்ந்த அன்று, இரண்டு சுத்தியலையும் எடுத்து இரண்டு வாத்தியங்களையும் ஒன்றாக அடித்தேன். ஒரே ஒலி. நடுக்கம் துளியும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

அண்ணன் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றியதும் நேராகப் போய் வாத்தியத்தின் முன் உட்கார்ந்தான். நான் கதவோரம் நின்றேன். பரீட்சைத் தாள் திருத்தி வரக் காத்திருக்கும் பிள்ளைக்கு இருக்கும் துடிப்பு எனக்கு. அவன் இரண்டு கையாலும் இரண்டு வாத்தியத்திலும் ஒரே தகட்டை அடித்தான். தலையைச் சாய்த்துக் கேட்டான். அடுத்ததை அடித்தான். குனிந்து காதை அருகில் கொண்டுபோய் மறுபடி அடித்தான். பத்தையும் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

"நீயா பண்ணுன?"

"ஆமா. பத்தையும்."

அவன் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். "இம்புட்டுக் கொப்புளம் போட்டிருக்கு. வலிக்கலையா பாப்பா?" என்றான். பிறகு, நல்லா சேர்ந்திருக்கு என்றான். பயணக் களைப்பாக இருக்கிறது, செத்த நேரம் படுக்கிறேன் என்று உள்ளே போனான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன் மறுநாள் காலைவரைக்கும் எழுந்திருக்கவில்லை. அவனுக்குப் பிடிக்குமே என்று அம்மா செய்து வைத்த கருவாட்டு வெஞ்சனம் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரி மருந்து வாயைக் கெடுத்துவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

திருவிழாவில் எங்கள் உருப்படி நன்றாகவே போனது. சின்னாளபட்டிச் சுங்குடிப் புடவை கட்டிக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்தேன். ஒரு இடத்தில் கூடத் தவறவில்லை. கிடார்க்காரர் வழுக்கிக்கொண்டு வர வேண்டிய இடத்தில் அழகாக வழுக்கிக்கொண்டு வந்தார். யாரும் சிரிக்கவில்லை. மைதானம் முழுக்கக் கை தட்டியது. பள்ளிக்கூட மணி மாதிரி கணீர்னு இருந்துச்சு என்று பங்குச் சாமியார் மேடையேறிப் பாராட்டினார். அண்ணன் கும்பிட்டான். அவன் முகத்தில் நான் எதிர்பார்த்தது இல்லை. களைப்பு என்று அதற்கும் நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவன் வாத்தியத்தின் பக்கம் போகவில்லை. வாசிக்கலாமா என்று நான் கேட்டால் கை அசருது, நாளைக்குப் பார்ப்போம் என்பான். ஒரு நாள் இரண்டையும் பழைய வேட்டியால் மூடிவிட்டான். ஒன்றரை வருடம் படுக்கையும் நாற்காலியுமாகக் கிடந்தான். கடைசி மாதங்களில் ஒவ்வொரு மூச்சையும் தேடிப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டியிருந்தது. அவன் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு மழைக்காலத்தில் அது நின்றது.

முதல் வருட நினைவுப் பூசைக்கு அந்தப் பெரம்பூர்க்காரர் வந்தார். அண்ணன் சாவுச் செய்தி அவருக்குத் தாமதமாகத்தான் கிடைத்திருந்தது. கனத்த உடம்பு, மெதுவான பேச்சு. பூசை முடிந்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வாத்தியங்களைப் பார்க்கலாமா என்று கேட்டார். நான் வேட்டியை விலக்கிக் கொடுத்தேன். அண்ணனுக்கு எதிரே தான் உட்கார்ந்த வாத்தியம் இதுதான் என்று என்னுடையதைத் தடவிக் கொடுத்தார். இரண்டு கையாலும் இரண்டிலும் ஒரே தகட்டை அடித்தார். மறுபடி அடித்தார். தகட்டுக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"யாரும்மா இதுல கை வெச்சது?" என்றார்.

"நான்தான் சேத்தேன்," என்றேன். பெருமையாகவே சொன்னேன். அந்தக் குரல் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.  அந்த ஊரில் இந்த வாத்தியங்களை ஜோடியாகத்தான் வார்ப்பார்கள் என்றார். ஒன்றை வேண்டுமென்றே கொஞ்சம் ஏற்றி வைப்பார்கள், ஒன்றைக் கொஞ்சம் இறக்கி வைப்பார்கள். ஒன்று மூச்சை இழுக்கிறது, மற்றது விடுகிறது என்று அங்கே சொல்வார்களாம். இரண்டையும் சேர்த்து அடிக்கும்போது ஒலி அலை அலையாக எழுந்து அடங்கும், அதுதான் அதன் உயிர், அந்த அலை இல்லாவிட்டால் வாத்தியம் செத்துப்போனது என்று தொடக்கூட மாட்டார்கள். பத்துத் தகட்டிலும் அந்த அலை ஒரே வேகத்தில் வரும்படி வைப்பதற்குக் கொல்லர் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பாராம். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

 மூச்சு இல்லாத ஒரு மனிதன், தனக்காக மூச்சுவிடும் ஒன்றைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து வீட்டுக்குள் வைத்திருந்தான். நான் அப்பாவின் அரத்தை எடுத்து அதை ராவிப் போட்டேன். அவன் காதை வைத்துக் கேட்டுவிட்டு என் கொப்புளத்தைப் பற்றி விசாரித்தான்.

உங்களிடம் என்னைத் திட்டி எழுதினானா என்று கேட்டேன். திட்டியிருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவர் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். திருவிழா முடிந்த வாரம் அண்ணன் எழுதியது. மைதானம் நிறைந்திருந்தது, தாம்பாளத்தைச் சேகண்டியாக்கினோம், கிடார்க்காரர் பரவாயில்லை என்றெல்லாம் எழுதியிருந்தான். கடைசியில் இரண்டு வரி: "நீ உட்கார்ந்த இடத்தில் என் தங்கச்சி உட்கார்ந்தாள். உன்னைவிட நேரம் தப்பாமல் வாசிக்கிறாள்." அரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைப் படித்துவிட்டு நான் அழுத அழுகையைப் பார்த்து அம்மா பயந்துபோனாள். அவளிடம் விஷயத்தைச் சொல்ல எனக்கு இன்னும் ஒரு வருடம் ஆனது.

அந்தப் பூசைக்குப் பிறகு வந்த கோடை விடுமுறையில் மறுபடி அரத்தை எடுத்தேன். இம்முறை ஓரத்தில் இல்லை, நடுவில். எவ்வளவு இறக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் என்னை உறுத்திய சத்தம் எதையும் என் காது மறந்ததில்லை. அந்த ஒரு குணத்தை நம்பித்தான் ராவினேன். முதல் தகட்டை மாட்டி இரண்டையும் அடித்தபோது, இரண்டுக்கும் நடுவில் ஏதோ அசைந்தது. எழுந்தது, அடங்கியது, எழுந்தது. பொய் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் என் காதுக்கு அது பிசகுதான். பல் கூசத்தான் செய்கிறது. கூசக் கூசக் கேட்டுக்கொண்டே பத்தையும் இறக்கினேன்.

பெரம்பூருக்கு போன் போட்டு, ரிசீவரைத் தரையில் வைத்துவிட்டு ஒவ்வொன்றாக அடித்துக் காட்டினேன். நல்லா இருக்கு என்றார். எனக்காகச் சொல்ல வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். போன்ல என்னம்மா தெரியும், எதிர்ல ஆள் உக்காந்து வாசிச்சாத்தான் தெரியும் என்றார். அதற்குள் அவருக்குச் சர்க்கரை நோயில் கால் போயிருந்தது. இனி திண்டுக்கல்லுக்கு வரப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

போனை வைத்துவிட்டுப் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். திருவிழாவில் வாசித்த உருப்படியை ஆரம்பித்தேன். என் பங்கு மட்டும். அடிக்க வேண்டிய இடத்தில் அடித்து, விட வேண்டிய இடத்தில் விட்டு, வேகம் குறையாமல் வாசித்தேன். எதிரே இருந்த பத்துத் தகடுகளும் சும்மா தொங்கின. அடுப்படியிலிருந்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்ன பாப்பா, நடுவுல நடுவுல விட்டுட்டு விட்டுட்டு வாசிக்கிற?" என்றாள்.

"அது அண்ணன் வாசிக்கிற இடம்மா," என்றேன்.